பிழை எங்கே இருக்கிறது?

1988-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், கெய்தர்ஸ்பர்க் நகர ஆய்வகம் ஒன்றில், வில்லியம் ஃபிலிப்ஸும் அவருடைய குழுவினரும் சோடியம் அணுக்களின் வெப்பநிலையை அளந்துகொண்டிருந்தார்கள். லேசர் ஒளியால் அணுக்களைக் குளிர்விக்கும் கலை தலையெடுத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆறு திசைகளிலிருந்தும் ஒளி பாயும் இடத்தில் சிக்கிய அணு எந்தப் பக்கம் நகர்ந்தாலும் எதிரே வரும் ஒளியையே கூடுதலாக விழுங்கும். விழுங்கும் ஒவ்வொரு முறையும் அதன் வேகம் சற்றுக் குறையும். ஆனால் விழுங்கிய ஒளியைத் திரும்ப உமிழும்போது ஏதோ ஒரு திசையில் ஒரு சிறு உதையும் வாங்கும். வேகத்தடையும் இந்த உதைகளும் சமன்படும் இடமே குளிர்ச்சியின் எல்லை என்றது கோட்பாடு. சோடியத்துக்கு அந்த எல்லை 240 மைக்ரோகெல்வின், அதாவது தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் ஒரு கெல்வினின் நான்காயிரத்தில் ஒரு பங்கு. 1985-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவன் சூவின் குழு அளந்தபோது ஏறக்குறைய அதே எண்தான் கிடைத்தது. ஃபிலிப்ஸின் குழு வேறு வழியில் அளந்தது. லேசரை அணைத்துவிட்டு, சிறைவிட்டுப் பறந்த அணுக்கள் சற்றுத் தள்ளியிருந்த இன்னோர் ஒளிக்கற்றையை எட்ட எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்தது. அணுக்கள் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக வந்தன. கணக்கிட்டுப் பார்த்தால் வெப்பநிலை சுமார் 40 மைக்ரோகெல்வின்: கோட்பாடு போட்ட எல்லையில் ஆறில் ஒரு பங்கு.

சோதனைக் கருவிகள் பெரும்பாலும் கோட்பாடு சொன்னதைவிட மோசமாகவே வேலை செய்யும். இங்கே கருவி கோட்பாட்டை மிஞ்சிவிட்டது. பிழை எங்கே என்று தேடியபோது, அது கணக்கில் இல்லை. 240 என்ற எண்ணைத் தந்த கணிதத்தில் ஓட்டை எதுவும் கிடையாது. பிழை அதற்கும் முன்னால், அணுவைப் பற்றிய சித்திரத்தில் இருந்தது. கோட்பாடு அணுவை இரண்டே படிகள் கொண்ட ஏணியாக வரைந்திருந்தது: ஒரு தாழ்நிலை, ஒரு உயர்நிலை. உண்மையான சோடியம் அணுவின் தாழ்நிலைக்குள் காந்தத் தன்மையால் வேறுபடும் பல உட்படிகள் உண்டு. எதிரெதிரே பாயும் ஒளிகள் சேரும் இடத்தில் ஒளியின் அதிர்வுத்தளம் இடத்துக்கு இடம் மாறுவதால், அந்த உட்படிகள் மேடும் பள்ளமுமாக ஆகின்றன. அணு மேட்டில் ஏறி வேகத்தை இழக்கும். உச்சிக்கு வந்ததும் ஒளி அதைப் பள்ளத்தில் தள்ளிவிடும். மறுபடியும் ஏற வேண்டும். பாரிஸில் ழான் தலிபாரும் கிளோத் கோஹன்-தனூஜியும், ஸ்டான்ஃபோர்டில் சூவின் குழுவும் இந்த விளக்கத்தைத் தந்தார்கள். 1997-இல் சூ, கோஹன்-தனூஜி, ஃபிலிப்ஸ் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்த அத்தியாயத்தின் வாதம் முழுவதும் இந்த நிகழ்ச்சியின் ஒரு கூறில்தான் நிற்கிறது. மாதிரி தோற்றது, தோற்ற இடம் எது என்று கைகாட்டவும் முடிந்தது. இரண்டு படி அணுவின் சமன்பாட்டைத் தாளில் முழுமையாகத் தீர்க்க முடிந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. சமன்பாடு என்ன சொல்கிறது என்பதில் ஐயமே இல்லாதபோது, அது சொன்னதும் இயற்கை சொன்னதும் வேறுபட்டால், குற்றம் சமன்பாட்டின் மேல்தான் விழும். எல்லா மாதிரிகளுக்கும் இந்த வசதி கிடையாது. எந்த அறிவியல் மாதிரிக்கும் இயற்கைக்கும் இடையே இரண்டு தாவல்கள் இருக்கின்றன. முதலாவது, இயற்கையிலிருந்து தேவையற்றதாகத் தோன்றுவதையெல்லாம் களைந்து சமன்பாடு எழுதுவது. இரண்டாவது, அந்தச் சமன்பாட்டிலிருந்து விடையை வரவழைப்பது. இரண்டாவதிலும் தோராயங்கள் புகுந்துவிட்டால், விடை இயற்கையோடு பொருந்தாதபோது எந்தத் தாவலில் கால் இடறியது என்று சொல்ல வழியில்லை. இன்னும் ஆபத்து, விடை பொருந்தும்போதுதான்: ஒரு பிழை இன்னொரு பிழையை ஈடுகட்டியிருக்கலாம். குளிர் அணுக்கள் இன்றைய இயற்பியலுக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி இந்த இரண்டு தாவல்களையும் பிரித்துக் காட்டுவதுதான் என்பது என் வாதம். அவை இயற்கையின் புதிருக்கு நேரடியாக விடை சொல்வதில்லை. நாம் எழுதிய சமன்பாடு உண்மையில் என்ன சொல்கிறது என்பதைச் சொல்கின்றன.

இந்த இரண்டு தாவல்களும் பிரிக்க முடியாமல் சிக்கிக்கிடக்கும் மாதிரிக்கு ஹப்பார்டு மாதிரியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. திண்மப் பொருளுக்குள் எலெக்ட்ரான்கள் எப்படி நடமாடுகின்றன என்பதை விளக்க 1963-இல் ஜான் ஹப்பார்டு முன்வைத்த சித்திரம் அது. நீண்டு பரந்த ஒரு பல்லாங்குழிப் பலகையை நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு குழியும் படிகத்தில் ஓர் அணு இருக்கும் இடம், சோழிகள் எலெக்ட்ரான்கள். விதிகள் இரண்டே இரண்டு. ஒரு சோழி பக்கத்துக் குழிக்குத் தாவலாம்; அந்தத் தாவலுக்கு ஓர் ஆற்றல் அளவு உண்டு. ஒரே குழியில் இரண்டு சோழிகள் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று விலக்கும். அதற்கு ஒரு விலை உண்டு. தாவும் ஆற்றல் ஓங்கினால் எலெக்ட்ரான்கள் எங்கும் பரவிப் பொருள் மின்கடத்தியாகும். விலக்கும் விலை ஓங்கினால், குழிக்கு ஒன்றாக அவை உறைந்து நிற்க, பொருள் மின்காப்பாகும். 1986-இல் ஜொஹானஸ் ஜார்ஜ் பெட்னோர்ஸும் கார்ல் அலெக்ஸ் முல்லரும் தாமிர ஆக்சைடுப் பொருள் ஒன்றில் எதிர்பாராத உயர் வெப்பநிலையில் மீக்கடத்தலைக் கண்டார்கள். மின்தடையே இல்லாத அந்த நிலைக்கு விளக்கம் ஹப்பார்டு மாதிரியில் இருக்கிறது என்று மறு ஆண்டே ஃபிலிப் ஆண்டர்சன் வாதிட்டார். அதன்பின் பல பத்தாண்டுகள் போய்விட்டன. இரண்டே விதிகள் கொண்ட இந்த விளையாட்டு, தாமிர ஆக்சைடின் மீக்கடத்தலைத் தருமா தராதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

முடியாததற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல, எண்ணிக்கைப் பெருக்கம். குவாண்டம் உலகில் பல துகள்களின் நிலையை எழுத வேண்டுமென்றால், ஒவ்வொரு துகளும் எங்கே இருக்கிறது என்று பட்டியலிட்டால் போதாது. சாத்தியமான ஒவ்வொரு அடுக்குமுறைக்கும் ஓர் எண் வேண்டும். அந்த எண்கள் அனைத்தும் சேர்ந்ததே ஒரு நிலை. மேல், கீழ் என இரண்டே வாய்ப்புகள் உள்ள 50 ஸ்பின்களுக்கே பத்து கோடி கோடிக்கும் மேற்பட்ட எண்கள் தேவை. கணினியில் அவற்றைச் சேமிக்க 18 பெட்டாபைட் நினைவகம் வேண்டும். 300 ஸ்பின்கள் என்றால், வேண்டிய எண்களின் தொகை நம் கண்ணுக்கு எட்டும் பிரபஞ்சத்திலுள்ள அணுக்களின் தொகையை விஞ்சிவிடும். குறுக்கு வழியாக, எல்லா அடுக்குமுறைகளையும் எண்ணாமல் சிலவற்றை மட்டும் குலுக்கலில் எடுத்துச் சராசரி காணும் முறை ஒன்று உண்டு. இடம் மாறினாலும் நிலையின் குறி மாறாத போஸான் வகைத் துகள்களுக்கு அது அருமையாக வேலை செய்கிறது. ஆனால் எலெக்ட்ரான்கள் ஃபெர்மியான் வகை; இரண்டு ஃபெர்மியான்கள் இடம் மாறினால் நிலையின் குறி கூட்டலிலிருந்து கழித்தலாக மாறும். பெரிய கூட்டல் எண்களும் பெரிய கழித்தல் எண்களும் ஒன்றையொன்று அழித்து, மிஞ்சும் சிறு விடை குலுக்கலின் இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. இந்தக் குறிச் சிக்கலைப் பொதுவாகத் தீர்ப்பது கணினியியலின் மிகக் கடினமான கணக்குகளின் வகுப்பில் சேர்கிறது என்று 2005-இல் மத்தியாஸ் டிராயரும் உவே-யென்ஸ் வீசேயும் காட்டினார்கள்.

இந்தச் சுவரை முன்கூட்டியே கண்டவர் ரிச்சர்ட் ஃபைன்மன். இயற்கை குவாண்டம் விதிப்படி நடக்கிறதென்றால், அதைப் போலச் செய்துகாட்டும் இயந்திரமும் குவாண்டம் விதிப்படியே இயங்க வேண்டும் என்று 1981-இல் எம்.ஐ.டி.யில் நடந்த மாநாட்டு உரையில் அவர் வாதிட்டார். ஒரு பொருளை இன்னொரு பொருளால் போலச் செய்வது அறிவியலுக்குப் புதிதல்ல. 1870-களில் கெல்வின் பிரபு கப்பிகளையும் பற்சக்கரங்களையும் கோத்துக் கடல் ஓதங்களைக் கணிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். விமானத்தின் சிறு உருவைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தி, முழு விமானத்தின் மேல் விழும் விசையை அறிகிறோம். உருவம் சிறியதாக இருந்தாலும் விடையை நம்புகிறோம். காற்றின் வேகம், உருவின் நீளம், காற்றின் பாகுத்தன்மை ஆகியவை சேர்ந்த ரெய்னால்ட்ஸ் எண் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்தால், ஓட்டத்தை ஆளும் சமன்பாடும் ஒன்றாகவே இருக்கும் என்பதுதான் அந்த நம்பிக்கையின் வேர். பார்வைக்கு ஒத்திருப்பது அதற்குக் காரணமல்ல. ஒரே சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டிருப்பதே காரணம். இந்த வேறுபாடு பின்னால் வரும் எல்லா ஆட்சேபங்களுக்கும் உரைகல்லாக இருக்கும்.

ஃபைன்மன் கேட்ட இயந்திரத்துக்கான மூலப்பொருள் பற்றிய எண்ணம் அவருக்கும் அரை நூற்றாண்டு முன்பே டாக்காவில் பிறந்திருந்தது. 1924-இல் அங்கே பல்கலைக்கழக ஆசிரியராக இருந்த சத்யேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாதவை என்று கொண்டு எண்ணும் புதிய முறையை எழுதி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார். அதே எண்ணும் முறையை அணுக்களுக்கும் நீட்டி, போதிய குளிர்ச்சியில் அவை ஒரே நிலையில் குவியும் என்று கண்டார். காரணம் இதுதான்: ஒவ்வொரு அணுவுக்கும் ஓர் அலைநீளம் உண்டு, அணு எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அந்த அலை அவ்வளவு நீளும். அறை வெப்பநிலையில் ரூபிடியம் அணுவின் அலைநீளம் அந்த அணுவின் பருமனைவிடக் குறைவு. 100 நானோகெல்வினில் அது ஏறக்குறைய ஐம்பத்தைந்தாயிரம் மடங்கு நீண்டு, ஒரு மைக்ரோமீட்டரில் பாதியைத் தாண்டுகிறது. பக்கத்து அணுவின் அலையோடு கலந்துவிடுகிறது. 1995-இல் கொலராடோவின் போல்டர் நகரில் எரிக் கார்னலும் கார்ல் வீமனும் இதைக் கண்ணால் காணச் செய்தார்கள். லேசர் எட்டாத அந்தக் குளிர்ச்சிக்கு அவர்கள் கையாண்ட கடைசிப் படி, காபி ஆறுவதைப் போன்றது: சூடான அணுக்களைத் தப்பவிட்டால், மிஞ்சியவை குளிரும். அப்படிக் கிடைத்தது காற்றைவிட லட்சம் மடங்குக்கும் மேல் அடர்த்தி குறைந்த, சில ஆயிரம் அணுக்களின் கூட்டம். அதே ஆண்டில் எம்.ஐ.டி.யில் வோல்ஃப்காங் கெட்டர்லே சோடியத்தில் இதைச் செய்தார்.

இந்த வாயுவை மாதிரியாக்கியது ஒளிதான். எதிரெதிரே பாயும் இரண்டு லேசர் கற்றைகள் நிலையான அலையை உண்டாக்கும். அதில் ஒளி மிகுந்த இடமும் குன்றிய இடமும் சம இடைவெளியில் மாறி மாறி வரும். மூன்று திசைகளில் அப்படிச் செய்தால் வெறும் ஒளியாலான முப்பரிமாணக் குழிப் பலகை கிடைக்கும். அணுக்கள் அந்தக் குழிகளில் அமரும். பக்கத்துக் குழிக்கு ஊடுருவித் தாவும். ஒரே குழியில் சேர்ந்தால் விலக்கும். ஹப்பார்டின் விதிகள் இரண்டும் இங்கே எழுத்தளவில் அல்லாமல் பொருளளவில் இருக்கின்றன. இது அணுக்களின் இயல்பிலிருந்தே கிட்டத்தட்ட நேரடியாகப் பெறப்படுகிறது என்று 1998-இல் டீட்டர் யாக்ஷ், இக்னாசியோ சிராக், பீட்டர் சோல்லர் ஆகியோரும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். படிகத்தில் அணுக்களின் இடைவெளி ஒரு நானோமீட்டரிலும் குறைவு. ஒளிப் பலகையில் அரை மைக்ரோமீட்டர், அதாவது ஆயிரம் மடங்கு. எலெக்ட்ரானைவிட லித்தியம்-6 அணு பதினோராயிரம் மடங்கு கனமானது. அதனால் திண்மத்தில் நொடியின் கோடி கோடியில் ஒரு பங்குக்குள் முடிந்துபோகும் தாவல், இங்கே மில்லி நொடிகளில் நிதானமாக நடக்கிறது. லேசரின் செறிவைக் கூட்டினால் குழி ஆழமாகித் தாவல் குறையும். காந்தப்புலத்தை மாற்றினால் விலக்கல் கூடும், குறையும், ஈர்ப்பாகவும் மாறும். படிகத்தில் இயற்கை ஒருமுறை நிர்ணயித்து மூடிவிட்ட அளவுகள், இங்கே திருகிப் பார்க்கும் குமிழ்களாகக் கைக்கு வந்துவிட்டன.

2002-இல் மியூனிக்கில் மார்க்கஸ் கிரைனர், இம்மானுவேல் புளோக், தியோடர் ஹென்ஷ் ஆகியோரின் குழு அந்தக் குமிழைத் திருகியது. ரூபிடியம் அணுக்கள் லட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிக்குழிகளில் இருந்தன. குழிகள் ஆழமில்லாதபோது ஒவ்வொரு அணுவும் எல்லாக் குழிகளிலும் பரவியிருந்தது. ஒளியை அணைத்து அணுக்களை விரியவிட்டால், அலைகள் சேர்ந்து கூர்மையான புள்ளிக் கோலம் தெரிந்தது. ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போக, ஓர் அளவுக்கு மேல் கோலம் கலைந்து வெறும் மங்கலாயிற்று. குழிக்கு இத்தனை அணு என்று எண்ணிக்கை உறுதியாகி, அணுக்கள் உறைந்து நின்றன. தற்செயலான குலைவாக இருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அதற்கான விடையும் சோதனைக்குள்ளேயே இருந்தது: ஆழத்தை மறுபடி குறைத்ததும் சில மில்லி நொடிகளில் கோலம் மீண்டது. சூடேறிக் கெட்டுப்போன அணுக்கூட்டம் அப்படி மீளாது. தடையின்றி ஓடும் மீப்பாய்மத்துக்கும் உறைந்து நிற்கும் காப்புக்கும் இடையேயான இந்த மாற்றத்தை, ரூபிடியம் போன்ற போஸான்களுக்குக் கோட்பாடு 1989-இலேயே கணித்திருந்தது.

ஆனால் தெரிந்த விடையைத் திரும்பச் சொல்வது மாதிரியின் பெருமை அல்ல; அது நுழைவுத் தேர்வு. இங்கிருந்துதான் உண்மையான கேள்வி தொடங்குகிறது. கணினியால் கணக்கிட முடிந்த இடத்தில் அணுக்கள் தேவையில்லை. கணக்கிட முடியாத இடத்தில் அணுக்கள் சொல்வது சரியென்று எப்படிச் சரிபார்ப்பது? இந்தத் துறையின் மேல் வைக்கப்படும் ஆட்சேபங்களில் இதுவே கனமானது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வழக்கு. ஆனால் அது பானை முழுவதும் ஒரே தீயில் வெந்தால்தான் செல்லும். கணக்கிட முடிந்த மூலையில் எடுத்த சோறு, கணக்கிட முடியாத மூலைக்குச் சாட்சி சொல்லுமா?

முழுமையான உத்தரவாதம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டே தொடங்க வேண்டும். ஆனால் உத்தரவாதம் இல்லாமை வேறு, ஆதாரம் இல்லாமை வேறு. 2010-இல் மியூனிக் குழு, காப்பு நிலையை நெருங்க நெருங்க மீப்பாய்ம நிலையின் வெப்பநிலை எல்லை எப்படிக் கீழே இறங்குகிறது என்று அளந்தது. போஸான்களுக்குக் குறிச் சிக்கல் இல்லாததால், அதே பொறியமைப்பை அப்படியே கணினியிலும் கணக்கிட்டு, படத்துக்குப் படம் ஒப்பிட முடிந்தது, பொருந்தியது. 2012-இல் அவர்கள் ஒருபடி மேலே போனார்கள். ஒன்றுவிட்டு ஒரு குழியில் அணு நிரம்பிய வரிசையைத் திடீரென அவிழ்த்துவிட்டு, அது எப்படிச் சமநிலைக்கு வருகிறது என்று நேரத்தோடு பின்தொடர்ந்தார்கள். பொருத்திச் சரிசெய்யும் அளவு எதுவுமே இல்லாத கணினிக் கணக்கு, தன்னால் முடிந்த நேரம் வரை சோதனையோடு இணைந்து வந்தது. பிறகு, துகள்களின் நிலைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் குவாண்டம் பின்னல் பெருகிக் கணினி நின்றுவிட்டது, அணுக்கள் தொடர்ந்தன. அதே அணுக்கள், அதே ஒளி, அதே குழிகள்: கணினி நின்ற நொடியில் தீ மாறவில்லை. நம்புவதற்கு இது வலுவான ஆதாரம். இதோடு, 2009, 2010-இல் ஹார்வர்டிலும் மியூனிக்கிலும் உருவான நுண்ணோக்கிகள் குழிக்குள் ஒற்றை அணு இருக்கிறதா இல்லையா என்பதையே படமெடுக்கின்றன. எதிர்பாராத இடத்தில் காலியான குழி தெரிந்தால், பிழை அங்கே கண்ணுக்கு முன் கிடக்கிறது. வேறு தனிமத்தில், வேறு அலைநீளத்தில், வேறு நாட்டில் அமைத்த பொறியும் அதே விடையைத் தந்தால், ஒரு பொறிக்கே உரிய குறை விடைக்குக் காரணமாக இருக்கும் வாய்ப்பு சுருங்குகிறது. தொலைநோக்கி முதல் எந்தக் கருவியையும் நாம் நம்பத் தொடங்கியது இந்த வழியில்தான்.

கணக்கும் அணுவும் ஒன்றையொன்று கைதூக்கிவிட்ட சான்று ஒன்றும் உண்டு. லித்தியம்-6 ஃபெர்மியான் அணுக்களின் ஈர்ப்பைக் காந்தப்புலத்தால் அதன் உச்சத்துக்குக் கொண்டுபோனால், இரண்டு அணுக்கள் மோதும் விதத்தில் விசையின் நுட்பங்கள் அனைத்தும் மறைந்து, அடர்த்தியைத் தவிர வேறு நீள அளவே மிஞ்சாது. அந்த வாயுவின் ஆற்றல், விசையே இல்லாத வாயுவின் ஆற்றலில் எத்தனை பங்கு என்பது அதன்பின் அணுவைப் பொறுத்தது அல்ல. ஒரு தூய எண். 2012-இல் எம்.ஐ.டி.யில் மார்ட்டின் ஸ்வியர்லைனின் குழு அதை 0.376 என்று அளந்தது. அதே காலத்தில், ஃபைன்மன் வரைபடங்களை ஏராளமாகக் கூட்டிச் செல்லும் ஒரு கணக்குமுறை அந்த வாயுவின் அழுத்தத்தையும் அடர்த்தியையும் கணித்தது. அந்தக் கூட்டல் உண்மையிலேயே ஒரு விடையில் சென்று நிற்குமா என்பது கணக்குக்குள்ளிருந்து மட்டும் உறுதிப்படாத ஒன்று. அளவீடு அதை உறுதிப்படுத்தியது. கணக்கு அளவீட்டை உறுதிப்படுத்தியது. கணினி முறைகள் முன்னேறினால் குளிர் அணுக்கள் தேவையற்றுப் போகும் என்று சொல்வோருக்கு இதுவே பதில். அவை ஒன்றையொன்று ஒழிக்க வந்த போட்டியாளர்கள் அல்ல. தனித்தனியே பிழைபடக்கூடிய இரண்டு சாட்சிகள் ஒத்துச் சொல்லும்போதுதான் வழக்கு வலுப்பெறும்.

இரண்டாவது ஆட்சேபம் நேர் பொருளில் உண்மை: அணுக்கள் எலெக்ட்ரான்கள் அல்ல. எலெக்ட்ரானுக்கு மின்னூட்டம் உண்டு, நடுநிலை அணுவுக்கு இல்லை; படிகம் அதிரும், ஒளிப் பலகை அதிராது. ஆனால் காற்றுச் சுரங்கத்தில் பார்த்தபடி, உரிமை வருவது உருவ ஒற்றுமையிலிருந்து அல்ல, சமன்பாட்டு ஒற்றுமையிலிருந்து. மேலே சொன்ன 0.376 என்ற எண்ணே இதற்குச் சான்று. நியூட்ரான்கள் மோதும் விதத்தைக் குறிக்கும் நீளம் சுமார் 19 ஃபெம்டோமீட்டர். அவற்றின் விசை எட்டும் தூரமோ 3 ஃபெம்டோமீட்டருக்குள். ஆகவே நியூட்ரான் விண்மீனின் மேலோட்டிலுள்ள அடர்த்தி குறைந்த நியூட்ரான் பொருளும் இந்த லித்தியம் வாயுவும் தோராயமாக ஒரே விதிக்கு அடங்குகின்றன. இங்கே 'தோராயமாக' என்ற சொல் முக்கியம். அந்தத் தோராயம் எவ்வளவு என்பதை இரண்டு நீளங்களின் விகிதத்திலிருந்து முன்கூட்டியே மதிப்பிடலாம். மதிப்பிட முடிகிற இடத்தில் மாதிரிக்கு உரிமை உண்டு.

மதிப்பிட முடியாத இடத்தில் உரிமை இல்லை என்பதையும் அதே கண்டிப்போடு சொல்ல வேண்டும். ஒலியைவிட வேகமாகப் பாயும் திரவத்திலிருந்து ஒலி தப்ப முடியாது. அது ஒலிக்குக் கருந்துளை போல ஆகும் என்று 1981-இல் வில்லியம் அன்ரூ காட்டினார். ஸ்டீஃபன் ஹாக்கிங் கணித்த கதிர்வீச்சின் ஒலி வடிவத்தை, 2016-இல் இஸ்ரேலின் டெக்னியனில் ஜெஃப் ஸ்டைன்ஹவர் குளிர் அணுக்களின் ஓட்டத்தில் கண்டதாக அறிவித்தார். அழகான சோதனை. ஆனால் விண்ணிலுள்ள கருந்துளைகள் கதிர்வீசுகின்றன என்று அது நிறுவிவிட்டதா? இல்லை. அணு ஓட்டம் மிகச் சிறிய அளவுகளில் எந்த விதிக்கு மாறுகிறது என்று நமக்குத் தெரியும். ஈர்ப்பும் வெளியும் காலமும் அந்த அளவுகளில் எப்படி மாறுகின்றன என்று தெரியாது. இரண்டாவது தாவலை அந்தச் சோதனை உறுதியாக்கியது. முதல் தாவல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கருதி, ஒப்புமையில் கண்டதை மூலத்தில் கண்டதாக அறிவிப்பது இந்தத் துறைக்கு நேரக்கூடிய மிகப் பெரிய தவறு. அந்தத் தவறைச் செய்யாதவரை, ஒப்புமைச் சோதனை அதன் எல்லைக்குள் முழு மதிப்புடையது.

மூன்றாவது ஆட்சேபத்தை முறியடிக்க முடியாது, ஏற்கத்தான் வேண்டும். இந்த அணுக்கள் போதிய அளவு குளிரவில்லை. நானோகெல்வினில் இருக்கும் பொருளைச் சூடு என்று சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் மாதிரியில் வெப்பநிலையை அளக்க வேண்டிய கோல் கெல்வின் அல்ல, தாவும் ஆற்றல். 2017-இல் ஹார்வர்டில் கிரைனரின் குழு சுமார் 80 குழிகளில் லித்தியம்-6 அணுக்களை அமர்த்தி, சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் போல ஸ்பின்கள் மேலும் கீழுமாக மாறி மாறி நிற்கும் காந்த ஒழுங்கைக் கண்டது. தாமிர ஆக்சைடின் தாய்ப்பொருளில் இருப்பதும் அதே ஒழுங்குதான். அந்த அணுக்களின் வெப்பநிலை, தாவும் ஆற்றலில் கால் பங்கு. அதே கால் பங்கைத் தாமிர ஆக்சைடுக்குள் பெயர்த்தால் சுமார் 1000 கெல்வின் வரும். உலை வெப்பம் அது. இயல்பான அழுத்தத்தில் தாமிர ஆக்சைடுகளின் மீக்கடத்தல் 130 கெல்வினைச் சற்றே தாண்டியதும் அற்றுப்போகிறது. ஆகவே அணுக்களை அதைவிடப் பல மடங்கு குளிர்வித்த பிறகே அந்த முக்கியக் கேள்வியை அவற்றிடம் நேராகக் கேட்க முடியும். 2024-இல் சீன ஆய்வாளர்கள் முப்பரிமாண ஒளிப் பலகையில் சுமார் 8 லட்சம் குழிகளில் இந்தக் காந்த ஒழுங்கு முழுமையாகத் தோன்றும் நிலைமாற்றத்தைக் கண்டார்கள். பயணம் நகர்கிறது, ஊர் இன்னும் வரவில்லை.

இந்தக் குறையும் வாதத்தைக் குலைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. வெப்பநிலை போதவில்லை என்று எண்ணோடு சொல்ல முடிகிறதே, அதுவே இந்த மாதிரியின் நேர்மை. தாளில் எழுதிய தோராயத்தில் எது விடுபட்டது, அது விடையை எவ்வளவு மாற்றியது என்பது பெரும்பாலும் மறைந்தே கிடக்கும். ஒளிப் பலகையிலோ, எத்தனை குழி காலி, எவ்வளவு சூடு, ஓரங்களில் அடர்த்தி எவ்வளவு மாறுகிறது என்று ஒவ்வொரு குறையையும் தனித்தனியே அளந்து பெயரிட முடிகிறது. குறைகளைக் கணக்கில் கொண்டுவர முடிகிற மாதிரியே நம்பத் தகுந்த மாதிரி. குறையே இல்லாத மாதிரி எந்த அறிவியலிலும் கிடையாது. விமானத்தின் சிறு உருவும் காற்றுச் சுரங்கத்தின் சுவர்களுக்கு நடுவில்தான் நிற்கிறது.

குளிர் அணுக்கள் போதிய அளவு குளிரும் நாள் வரும்போது இரண்டில் ஒன்று நடக்கும். ஹப்பார்டின் இரண்டு விதிகளுக்கு மட்டும் கட்டுப்பட்ட அணுக்கள், தாமிர ஆக்சைடில் நிகழும் மீக்கடத்தலுக்கு இணையான மீப்பாய்வைக் காட்டலாம். அப்படியானால் அந்த விதிகளே போதும் என்று அறிவோம். படிகத்தின் மற்ற சிக்கல்களை உதறிவிட்டு, சிறந்த பொருளைத் தேடலாம். அல்லது அவை காட்டாமலே போகலாம். பலர் அதைத் தோல்வி என்பார்கள். எனக்கு அது முதல் முடிவுக்கு இணையான வெற்றி. அன்று, பல பத்தாண்டுகளாக யாரும் சொல்ல முடியாததைச் சொல்ல முடியும்: கணக்கில் பிழை இல்லை, சித்திரத்தில் பிழை இருக்கிறது. படிகத்தின் அதிர்வையா, தொலைவுக் குழிக்குத் தாவுவதையா, ஆக்சிஜன் அணுக்களின் பங்கையா, எதை நாம் களைந்தோமோ அதைத் தேடித் திரும்பப் போக வேண்டும் என்று தெரியும். கெய்தர்ஸ்பர்கில் தாமதமாக வந்த சோடியம் அணுக்கள், தாம் இரண்டு படி ஏணி அல்ல என்று சொன்னது அப்படித்தான். தாமிர ஆக்சைடைப் பற்றி நாம் வரைந்த சித்திரத்துக்கும் அப்படி ஒரு பதில் கிடைக்கும் வழி இப்போது திறந்திருக்கிறது. பதில் எதுவாக இருந்தாலும், பிழை எந்தப் பக்கம் என்பதில் ஐயம் இருக்காது.